கருப்பு ஆயிலும் நல்லெண்ணெய் டின்னும்

கிருதுமால் நதியில் நான் எஞ்சின் ஆயில் ஊற்றியிருக்கிறேன். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான். கரையில் போய் நின்று கவிழ்க்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். கீரைத்துறையில் எங்கள் வாசல் சாக்கடையில் ஊற்றினேன். சாக்கடை வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் கிருதுமாலுக்குப் போகும். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா?

இந்த ஆற்றை ஊருக்குள் பார்த்தவர்கள், இதில் இன்னும் கொஞ்சம் கருப்பு ஆயில் கூடினால் என்ன கெட்டுவிடப்போகிறது என்பார்கள். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் மதுரையோடு அந்த ஆறு முடிந்துவிடுவதில்லை. நரிக்குடிப் பக்கம் அதை நம்பிக் கண்மாய்கள் இருக்கின்றன. வைகையிலிருந்து கிருதுமாலில் தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்கிற சம்சாரிகள் இருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை மாற்றுகிற பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குச் சொல்கிறது. நான் மாற்றியது ஒரு தடவை இல்லை.

எல்லாம் கூலித் தகராறில் ஆரம்பித்தது. தெருமுனை மெக்கானிக் ஆயில் மாற்றும் கூலியைக் கொஞ்சம் ஏற்றினார். "ஒரு போல்ட்டைக் கழட்டி மாட்டுறதுக்கு இவ்வளவா?" என்று கேட்டேன். "அப்ப நீங்களே கழட்டிக்கிருங்கண்ணே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது.

ஸ்பேனர் வாங்கினேன், புனல் வாங்கினேன், கையுறைகூட வாங்கினேன். வடிகிற ஆயிலை எதில் பிடிப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை. கழுத்தை அறுத்த தண்ணீர் பாட்டில் போதும் என்று நினைத்தேன். எஞ்சினைச் சற்று ஓடவிட்டுச் சூட்டோடு வடித்தால்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். அந்தச் சூடு தண்ணீர் பாட்டிலுக்கு ஆகாது. எழுபது எண்பது டிகிரியிலேயே அந்த பிளாஸ்டிக் இளகிவிடும். பாட்டில் சுருங்கி, இடுப்பு ஒடிந்து, வாசலிலேயே சாய்ந்தது. அந்தக் கறை இன்னும் சிமெண்டில் இருக்கிறது.

அடுத்து, வீட்டில் மாவு பிசைகிற பேசினை எடுத்தேன். கேட்காமல்தான் எடுத்தேன். அகலத்துக்கு அது சரியான பாத்திரம். போல்ட்டைக் கடைசிப் புரி வரை தளர்த்தி வெடுக்கென்று எடுத்தால் ஆயில் நேர்கீழே விழாது. ஒரு சாண் தள்ளிப் பாயும். உள்ளே அளவு குறையக் குறைய அந்தப் பாய்ச்சல் பின்வாங்கி, முடிவில் துவாரத்துக்கு நேர்கீழே நூலாக இறங்கும். போதாக்குறைக்கு, சூடு பட்டதும் கை உதறி, போல்ட்டும் வாஷரும் ஆயிலுக்குள்ளேயே விழும். ஆகவே பாத்திரம் அகலமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். என் பழைய மாருதி 800-க்கு மூன்று லிட்டர் பக்கம் வடியும், மகனின் ஸ்பிளெண்டருக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறையும். பேசின் இரண்டையும் தாங்கியது.

ஆனால் பேசினுக்கு மூக்கு கிடையாது. அதிலிருந்து கேனுக்கு மாற்றினால் பாதி வெளியே வழிந்து, முழங்கை வரை கருப்பாகும். சாக்கடையில் கவிழ்க்க மூக்கு தேவையில்லை. இருட்டியதும் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு, பின்னாலேயே ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றுவேன். அப்போதும் தெருவிளக்கு வெளிச்சத்தில் சாக்கடைத் தண்ணீர் மேல் மயில்கழுத்து நிறத்தில் பளபளக்கும். பக்கத்து வீட்டார் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஊற்றுகிற ஒருவன், தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பேசினைக் கழுவித் திரும்ப அடுக்களையில் வைக்கப்போய் வாங்கிய வசவை இங்கே எழுதுவதாக இல்லை.

கொஞ்சம் உறுத்தல் வந்த பிறகு, வடித்ததைச் சேர்த்துவைக்கத் தொடங்கினேன். அதையும் உருப்படியாகச் செய்யவில்லை. காலியான ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் டின்னில் ஊற்றி, மேலே எதுவும் எழுதாமல் மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஒரு வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில் டின்னைத் தூக்கிக் குத்துவிளக்கில் ஊற்றிவிட்டார். "ஏப்பா, எண்ணெய் என்ன இப்படிக் காந்தல் வாடை அடிக்குது?" என்றார். நாற்றம் காட்டிக்கொடுத்ததால் விளக்கோடு போயிற்று. தாளிக்கப் போயிருந்தால்?

இது என் வீட்டு அசட்டுத்தனம் மட்டும் இல்லை. 1959இல் மொராக்கோவின் மெக்னேஸ் நகரத்தில், அமெரிக்க விமானத் தளத்திலிருந்து கழித்துவிட்ட ஜெட் எஞ்சின் ஆயிலைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றார்கள். பத்தாயிரம் பேர் அளவில் கைகால் விளங்காமல் போனார்கள். அங்கே காசுக்காக வேண்டுமென்றே கலந்தார்கள். நான் கலக்கவில்லை, சோம்பேறித்தனத்தில் டின்னை மாற்றி வைத்தேன். வித்தியாசம் பெரிதுதான், ஆனால் அம்மா அடுப்பைப் பற்றவைத்திருந்தால் அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்?

பழைய ஆயிலைக் கொடுக்க இடமே இல்லையா என்று கேட்பீர்கள். அதுதான் வெட்கக்கேடு. அதே தெருமுனை மெக்கானிக்கின் கொட்டகையில் 200 லிட்டர் பேரல் நிற்கிறது. நிறைந்தால் ஆள் வந்து காசு கொடுத்து எடுத்துப்போகிறார். என் வீட்டிலிருந்து நடந்தாலே போய்விடலாம். கூலி கொடுக்க மாட்டேன் என்று வீறாப்பாக வந்தவன், கேனைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் எப்படிப் போய் நிற்பது? அந்த ரோஷத்துக்காகத்தான் ஆற்றில் ஊற்றினேன். மாநகராட்சி சரியில்லை, அரசாங்கம் சரியில்லை என்று டீக்கடையில் பேசியதெல்லாம் இதை மறைக்கத்தான். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலுக்கும் இடம் உண்டு. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரித்து விற்கிற கம்பெனிகளே பழையது மறுசுத்திகரிப்புக்குப் போவதற்கும் பொறுப்பு. எத்தனை சட்டம் வந்தாலும், ராத்திரியில் பேசினோடு வாசலுக்கு வருகிறவனை எந்த அதிகாரி வந்து பிடிப்பார்?

விளக்குச் சம்பவத்துக்குப் பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "பெட்ரோல் கலந்திருக்கா?" என்றார். பேசினைக் கழுவிய பெட்ரோலையும் அதிலேயே ஊற்றியிருந்தேன். "பெட்ரோல், பிரேக் ஆயில், தண்ணி எதுவும் சேரக் கூடாதுண்ணே. எடுக்கிறவன் வேணாம்னுருவான்" என்று தனியே வைத்தார். பிறகு பெஞ்சுக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தார். புது ஆயில் வருகிற ஐந்து லிட்டர் கேன். படுக்கப்போட்டு, மேல்பக்கத்தை மட்டும் செவ்வகமாக அறுத்து எடுத்திருந்தார். அகலம் இருக்கிறது, வண்டிக்கு அடியில் போகிற அளவுக்குத் தட்டையாக இருக்கிறது, சூடு தாங்குகிறது. வடிந்ததும் மூடியைத் திறந்து வாய்ப்பக்கம் சாய்த்தால் கேன் வாயே மூக்கு. காசில்லாத பொருள். வருஷக்கணக்காக அந்த பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது.

"எடுத்துட்டுப் போங்க. ஆமா, இவ்வளவு நாளா வடிச்சதை எங்கண்ணே ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

"சென்ட்ரிங் வேலை பாக்குற பையன் ஒருத்தன் வந்து வாங்கிட்டுப் போவான், பலகைக்குத் தடவ" என்றேன். அப்படி யாரும் வந்ததே இல்லை.