நடந்து வந்தவர்களின் கோயில்

இலங்கையின் மாத்தளையில், மாரியம்மன் கோயிலின் மாசி மகத் தேர். ஐந்து தேர்களும் வீதிக்கு வந்துவிட்டால் வடம் பிடிக்கக் கை போதாது. சில்லுக்குக் கட்டை போடுகிறவர் தேரையே பார்க்கமாட்டார். அவர் கண் முழுக்கச் சில்லின் மேல்தான். வெயிலில் கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்காக வீட்டுக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

சிறுவயதில் அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறேன். அம்மன் தேர் கடந்ததும் அவள் குனிந்து, நனைந்த ரோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமி தேர்ல போவுது, நீ ஏன் அப்பாயி ரோட்டக் கும்புடுற?"

"நம்ம ஆளுக நடந்து வந்த ரோடுடா இது."

அந்தப் பதிலின் கனம் பின்னால்தான் புரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமாரோடு புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுக்குள் நடை. வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே வந்தன. விழுந்தவர்களை வழியோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். காடு முடிந்து மலை தொடங்கும் இடத்தில் இருந்தது மாத்தளை. உயிரோடு வந்தவர்கள் இங்கிருந்துதான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள்.

அப்படி வந்தவர்களுக்கு எந்தச் சாமி வேண்டும்? அம்மையையும் கொள்ளைநோயையும் தணிக்கிற மாரிதான் வேண்டும். மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட அவளுக்கு 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு கோயில் எழுந்தது.  1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் கோயிலுக்குத் தீ வைத்தார்கள். சனங்கள் மறுபடி கட்டினார்கள். இன்று 108 அடி இராஜகோபுரம் ஊருக்கு அடையாளமாய் நிற்கிறது.

பல திருத்தலங்களில் யாத்திரைப் பாதை கோயிலை நோக்கிப் போடப்பட்டது. இங்கே பாதைதான் முந்தியது. பிழைப்புத் தேடி நடந்தவர்களின் பாதை. கோயில் அதற்குப் பிறகு வந்தது. அந்தப் பாதையில்தான் 2023இல், தோட்ட வேலைக்கென மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகளானதை நினைத்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் கால்நடையாக வந்தது; அந்த நடை மாத்தளையில் முடிந்தது. நிலமும் வீடும் சம உரிமையும் கேட்ட நடை அது. அதை நான் யாத்திரை என்றே சொல்வேன். முன்னோர் கேட்க முடியாமல் போனதை, அவர்கள் நடந்த மண்ணிலேயே நின்று பேரப்பிள்ளைகள் கேட்டார்கள்.

அடுத்த மாசி மகத்துக்கு மகளைக் கூட்டிப் போனேன். அம்மன் தேர் கடந்ததும் குனிந்து ரோட்டைத் தொட்டேன். ஊற்றிய தண்ணீர் அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது; விரல் சுட்டது. "ஏம்ப்பா?" என்றாள்.

அப்பாயி சொன்னதையே சொன்னேன்.