சமரிக்குப் பிறகு யார்?

நான் ஒரு கிரிக்கெட் ரசிகை என்று சொன்னால், "உனக்குப் பிடித்த வீரர் யார்? வனிந்துவா, பத்தும் நிஸ்ஸங்கவா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் இரண்டு பேரையும் சொல்வதில்லை. என்னுடைய அணி இலங்கை மகளிர் அணி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா என்று உம்மா கேட்பார். தேவைதான் என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு விவாதத்தைச் சொல்ல வேண்டும்.

"அது சமரியின் டீம். அவ அவுட்டானா மெட்ச் முடிஞ்சி" என்பது நானாவின் தீர்ப்பு. எண்களைப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2017 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை 257 ஓட்டங்கள் எடுத்தது. அதில் சமரி அத்தபத்து ஆட்டமிழக்காமல் எடுத்தது 178. மற்ற எல்லோரும் சேர்ந்து, உதிரிகளையும் கூட்டினால், 79 மட்டுமே. அந்தப் போட்டியில் நாம் தோற்றோம். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவில் 302 ஓட்டங்கள் என்ற இலக்கைத் துரத்தி வென்றபோதும் அவர் ஆட்டமிழக்காமல் 195 ஓட்டங்கள் எடுத்தார். அதுவரை ஒருநாள் போட்டிகளில் இலங்கைப் பெண்கள் அடித்த சதங்கள் அத்தனையும் அவர் ஒருவருடையவை.

அவருக்கு 35 வயது தாண்டிவிட்டது. "சமரிக்குப் பிறகு யார்?" என்ற கேள்வி ஒவ்வொரு போட்டியின்போதும் என் மனதில் ஓடுகிறது.

அதற்கான பதிலின் தொடக்கத்தை 2024 ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் பார்த்தோம். ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. எதிரணி இந்தியா. அதற்கு முன் பல இறுதிப் போட்டிகளில் நம்மைத் தோற்கடித்த அணி. 2022 இறுதிப் போட்டியில் நாம் எடுத்தது வெறும் 65 ஓட்டங்கள். இம்முறை 166 ஓட்டங்கள் தேவை. சமரி 61 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தபோது வெற்றிக்கு இன்னும் 72 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. நானாவின் கணக்குப்படி அந்த இடத்தில் போட்டி முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69, கவிஷா டில்ஹாரி 16 பந்துகளில் 30 என்று அடித்து 8 விக்கெட்டுகளால் வென்றார்கள். சமரி வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் கிண்ணத்தை வென்றார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த வெற்றியின் பெரிய செய்தி அதுதான்.

அடுத்த மாதமே அயர்லாந்தில் விஷ்மி குணரத்ன சதமடித்தார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிறைவடையவில்லை. அடுத்த போட்டியில் ஹர்ஷிதாவும் சதமடித்தார். ஆனாலும் அந்தத் தொடரை நாம் இழந்தோம். அதன் பிறகு நடந்த இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் நான்கு போட்டிகளிலும் தோற்றோம். என் அணி அப்படித்தான். ஒரு நாள் மலை ஏற்றும், மறுநாள் கிணற்றில் தள்ளும்.

2025 உலகக் கிண்ணத்தில் ஐந்தாம் இடம் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் ரசிகை என்பதற்காகக் கணக்கை மறைக்கக் கூடாது. நாம் வென்றது பங்களாதேஷுக்கு எதிரான ஒரு போட்டியில் மட்டும். மற்றப் புள்ளிகளைக் கொழும்பு மழை தந்தது. பங்களாதேஷுடனான வெற்றியும் கடைசி ஓவரில்தான் கைக்கு வந்தது. அந்த ஓவரை வீசியது யார் தெரியுமா? சமரியேதான். முதல் நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகள் விழுந்தன. நானா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

என் அபிப்பிராயம் இதுதான்: இன்னொரு சமரியைத் தேடுவதை நாம் நிறுத்த வேண்டும். அப்படி ஒருவர் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வருவார். அவர் செய்யும் வேலையை நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். தொடக்கத்தில் நின்று ஆட விஷ்மி இருக்கிறார். நடுவில் ஹர்ஷிதா. கடைசி ஓவர்களில் நிலக்ஷிகா சில்வா. நியூசிலாந்துக்கு எதிராக 28 பந்துகளில் 55 ஓட்டங்கள் அடித்தவர் அவர். துடுப்பும் பந்தும் இரண்டுமாகக் கவிஷா.

பந்துவீச்சில் எனக்குக் கவலை இருக்கிறது. இனோகா ரணவீரவும் உதேஷிகா பிரபோதனியும் சமரியை விட வயதில் மூத்தவர்கள். சுழலுக்கு 15 வயதிலேயே ஆசியக் கிண்ண அணியில் இடம்பிடித்த ஷஷினி கிம்ஹானி இருக்கிறார். வேகப்பந்துக்கு அப்படி உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு பெயர் வரவில்லை. களத்தடுப்பும் திருந்த வேண்டும். உலகக் கிண்ணத்தின் முதல் போட்டியில் இந்தியாவின் 6 விக்கெட்டுகளை 124 ஓட்டங்களுக்குள் வீழ்த்தினோம். பிறகு பிடிகளைத் தவறவிட்டு 269 வரை போகவிட்டோம். தவறவிட்ட பிடிக்கு மழையும் புள்ளி தராது.

இனிதான் என் காரணத்துக்கு வருகிறேன். அணியின் எதிர்காலம் தேர்வாளர்களின் மேசையில் தொடங்குவதில்லை. பாடசாலை மைதானத்தில் தொடங்குகிறது. விஷ்மி கம்பஹாவில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆடி வந்தவர். எங்களிடம் வலைப்பந்தும் மெய்வல்லுநர் போட்டிகளும் இருக்கின்றன. கிரிக்கெட் மட்டும் வீட்டு முற்றத்தில் டெனிஸ் பந்தோடு நின்றுவிடுகிறது. பதினொரு, பன்னிரண்டு வயதில் நானாமாரை விட வேகமாகப் பந்து வீசிய என் தோழிகள் இப்போது ஸ்கோர் மட்டும் கேட்கிறார்கள்.

பெற்றோரின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. உடை, வெயில், பயணம், படிப்பு எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கிரிக்கெட்டில் ஏற்கெனவே நீளக் காற்சட்டைதான் உடை. கைநீளச் சட்டையும் ஸ்கார்ஃபும் சேர்ந்தால் போதும். ஸ்கொட்லாந்து அணியின் சுழற்பந்து வீச்சாளர் அப்தாஹா மக்சூத் ஹிஜாப் அணிந்துதான் 2024 உலகக் கிண்ணத்தில் ஆடினார். அவர் பல் மருத்துவம் படித்தவர். அதனால் "விளையாடினால் படிப்பு போய்விடும்" என்று இனி உம்மா சொன்னால், என்னிடம் ஒரு பெயர் தயாராக இருக்கிறது.

நான் உயர்தரம் முடித்துப் போய்விடுவேன். எனக்காக இதைக் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் இப்போது இருக்கும் தங்கைகளுக்கு ஒரு துடுப்பு, ஒரு பந்து, வாரத்தில் ஒரு பின்னேரம், கற்றுத்தர ஓர் ஆசிரியை. இவ்வளவுதான் வேண்டும். அவர்கள் எல்லோரும் இலங்கை அணிக்குப் போக வேண்டியதில்லை. உயர்ந்து வரும் பந்தின் கீழ் பயப்படாமல் நிற்கப் பழகினாலே அது இலாபம்.

2026 ஜூன் மாதம் இங்கிலாந்தில் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணம். அரையிறுதி வரை போவோம் என்று நானாவிடம் பந்தயம் கட்டவில்லை. பந்தயம் ஹராம். எதிர்பார்ப்பு ஹலால்தானே.