காதர்பேட்டைக் குவியல்



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்ததால் இடது கை வீங்கக்கூடும், இறுக்கமான கை வைத்த உடை வேண்டாம் என்றார் டாக்டர். ஜாக்கெட்டுகள் எல்லாம் பீரோவுக்குள் போயின. மகள் புதுப்புடவை எடுக்கலாம் என்றபோது, "எத்தனை நாளைக்குக் கட்டப் போறேன் கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் காதர்பேட்டைக்குக் கூட்டிப்போனாள். நம்ம திருப்பூரில் ஏற்றுமதியில் மிஞ்சியதும், சிறு குறையால் கழிந்ததும் அங்கே குவியலாகக் கிடக்கும். கிளறியதில் முன்பக்கம் பட்டன் வைத்த, தொளதொள பனியன் துணிச் சட்டை கிடைத்தது. நூறு ரூபாய். ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். நூறு ரூபாய்ச் சட்டைக்கு 'எத்தனை நாளைக்கு' என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை போகிறேன். வலியும் பயமும் இருக்கத்தான் செய்கின்றன. குவியலுக்குள் கை போனால் ஒரு மணி நேரம் அவை நினைவுக்கு வருவதில்லை.

நேற்று ஒரு ஸ்வெட்டர் எடுத்தேன்.

"இந்தச் சித்திரை வெயில்ல எதுக்கும்மா?" என்றாள் மகள்.

"மார்கழிக்கு" என்றேன்.