தப்பு என்றால் தவறு அல்ல

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் காந்தி சிலையைப் பார்ப்பார்கள். 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பார்கள். குழந்தைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காற்று வாங்குவார்கள். அந்த விளக்கைக் கடைசியாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனவர்களை யாரும் நினைப்பதில்லை.

அந்நாளில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சலங்கு என்ற படகில் அலை தாண்டிப் போய்த்தான் ஏற வேண்டும். 1848-ல் பிரெஞ்சுக்காரர் தங்கள் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தார்கள். பிறகு கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைச் சேர்த்தார்கள். 'ஓரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவையும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவையும் அடைந்தது. ஒவ்வொரு தடவையும் 300 பேருக்கு மேல். குவாதலூப்புக்கு மட்டும் 1889 வரையில் சுமார் 42,000 பேர் போனார்கள். புதுச்சேரியில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியார் பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்டாரே, இவர்களும் அதே கதிக்கு ஆளானவர்கள்தாம். இன்னும் தூரத்தில், வேறொரு கடலில்.

தமிழ்ப் பேச்சு அங்கே மெல்ல மெல்ல மறைந்தது. போனவர்கள் கிரியோல் பேசினார்கள். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள். ஆனால் நம் சகோதரிகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்: அந்தத் தீவுகளில் விருந்தென்றால் 'கொலொம்போ' இல்லாமல் முடியாது. நம் குழம்புதான்! பண்டிகை நாளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு 'மத்ராஸ்' என்றே பெயர்.

குழம்போடு இன்னொன்றும் பிழைத்தது. அது வீணையல்ல, மிருதங்கமும் அல்ல. தப்பு! அங்கே 'தப்பூ' என்கிறார்கள். மத்தளம் 'மத்தலோன்' ஆயிற்று. நாடகம் 'நாத்ரோன்' ஆயிற்று. மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் பூஜை நடக்கையில், தோலை நெருப்பில் காய்ச்சிச் சூடேற்றி, முதல் அடி விழுந்த பிறகே சாமி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பாடுகிறவருக்கே பாதி புரியாது. தாளம் மட்டும் பிசகாது.

இங்கே என்ன செய்கிறோம்? தெருக்கோடியில் தப்புச் சத்தம் கேட்டால், "யார் போய்விட்டார்கள்?" என்று விசாரித்துவிட்டு வாசற்கதவைச் சாத்திக்கொள்கிறோம். அடிக்கிறவரைத் திண்ணையில் உட்காரச் சொன்ன வீடு எத்தனை?

அதே கரிபியன் கடலில் ஹெய்தி என்றொரு நாடு. ஆப்பிரிக்க அடிமைகள் 1791-ல் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துக் கிளம்பி, 1804-ல் சுதந்திரம் பெற்றார்கள். ஆனாலும் அவர்களுடைய 'வோடு' வழிபாட்டு முரசைக் கேட்டால் அந்நாட்டுக் கனவான்களுக்கே வெட்கமாக இருந்தது. 1980-களில் சில வாலிபர்கள் அந்த முரசைக் கிதாரோடு சேர்த்து மேடையேற்றினார்கள். 'ரஸின்', அதாவது வேர், என்று பெயர் வைத்தார்கள். 'பூக்மன் எக்ஸ்பெரியான்ஸ்' குழு 1990-ம் வருஷக் கார்னிவலில் பாடிய பாட்டு, ராணுவ ஆட்சியை எதிர்க்கும் பாட்டாகவே ஊரெங்கும் ஒலித்தது. பிறகு அயல்நாட்டு மேடைகளும் அவர்களை அழைத்தன. புதுச்சேரிக் கூலிகள் போன இன்னொரு தீவு, ரெயூனியன். அங்கே அடிமைகளின் கொட்டுப் பாட்டான 'மலோயா'வுக்கு 2009-ல் யுனெஸ்கோவின் அங்கீகாரமே கிடைத்துவிட்டது. வெட்கம் போனதும் வித்வான்கள் முளைத்துவிடுகிறார்கள், பாருங்கள்!

பூர்வீகம் தேடி அத்தீவுக்காரர் சிலர் புதுச்சேரிக்கு வருவதுண்டு. முப்பாட்டனார் ஊரை, அந்தக் காலத்துக் குமாஸ்தா பதிவேட்டில் எழுதிய எழுத்துப்படி சொல்லிக் கேட்பார்கள். அது எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்குத் தலை சுற்றிவிடும். தப்பு எங்கே அடிக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் உடனே வழி சொல்லிவிடலாம்.