எழுத்து நீங்கட்டும், வண்ணம் நிலைக்கட்டும்



மாதிரித் தொடர்வண்டிகளைச் செய்து மகிழ்வோர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. ஆலையில் அச்சிட்ட நிறுவனப் பெயரை நீக்க வேண்டும். அதன் அடியிலுள்ள வண்ணமோ கெடக்கூடாது. இரண்டுமே மெல்லிய பூச்சுகள் என்பதால் பொறுமையின்றி இது கைகூடாது.

எங்கள் பள்ளியின் கைவினைக் கழகத்தில் மலாயா இரயில்வேயைக் காட்சிப்படுத்த எண்ணினோம். 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே தொடங்கிய அவ்வரலாற்றில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்திருக்கிறது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், மறைந்த தன் தாத்தாவின் மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்தான். 1:87 அளவிலான அப்பெட்டியில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தது.

"ஐயா, பெயரை மாற்றலாம். வண்ணம் மட்டும் போகக்கூடாது. தாத்தா துடைத்துத் துடைத்து வைத்த வண்டி," என்றான்.

மாற்றுப் பெட்டி கிடையாது. எனவே, படிப்படியாகவே செயல்பட்டோம். முதலில் பெட்டியை மென்மையான சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தினோம். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்ககாலைப் பெட்டியின் அடிப்புறத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்தோம். ஓர் ஆலையின் வண்ணத்தை ஒன்றும் செய்யாத நீர்மம் மற்றோர் ஆலையின் வண்ணத்தைக் கரைத்துவிடும். அசிட்டோனோ நெகிழியையே உருக்கிவிடும். அதைத் தொடவே கூடாது.

சன்னலைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து, நீர்மத்தை நானே கையாண்டேன். பஞ்சுக்குச்சியை நனைத்து ஓர் எழுத்தின்மீது மட்டும் ஒற்றி, அது இளகியதும் மழுங்கிய மரப் பற்குச்சியால் மெல்லத் தேய்த்தேன். பஞ்சை ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்ப்பது மாணவனின் பொறுப்பு. அதில் எழுத்தின் வெள்ளை தெரிந்தால் தொடரலாம்; பெட்டியின் நிறம் தெரிந்தால் உடனே நிறுத்தி, நீரால் துடைத்து, உலரவிட வேண்டும். இருமுறை அவன் "போதும் ஐயா" என்றான், இருமுறையும் நிறுத்தினேன். ஒரு பக்கம் முடிய மூன்று பிற்பகல்கள் ஆயின.

எழுத்து இருந்த இடத்தில் வண்ணம் சற்று அடர்த்தியாகத் தெரிந்தது. ஒளி பட்டு மங்காத வண்ணம் அது. நிறமற்ற மேற்பூச்சு தேய்ப்பின் தடத்தை மறைக்கும். இந்த நிழலை முழுதும் மறைக்காது. "அது இருக்கட்டும் ஐயா," என்றான் மாணவன். விட்டுவிட்டோம்.

பிள்ளைகளின் பயிற்றேட்டில் சிவப்பு மையைக் கையில் எடுக்கும்போது இதை எண்ணிப் பார்க்கிறேன். பிழை நீங்க வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால், பிழைக்கு அடியில் எழுதும் ஆர்வம் என்னும் மெல்லிய பூச்சு இருக்கிறது. பஞ்சில் எந்த நிறம் ஒட்டுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே திருத்துவோம்.