கேட்டது அவளிடம்

டாக்டர் கேட்டது என் மகளிடம். பதில் சொன்னது நான்.

"நாளைக்குக் காலையில ட்ரிப்ஸ் ஏத்துறோம். வலி குறைய எபிடியூரல் வேணுமாம்மா? வேணும்னா மயக்க டாக்டர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிடறேன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த மகள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "வேண்டாங்க மேடம். அவ தாங்கிக்குவா. எங்க குடும்பத்துல முதுகுல ஊசி போட்டுப் பெத்தவங்க யாரும் இல்லை."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் குனிந்து புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

விவரம் தெரியாத கிராமத்துத் தாய் என்று என்னை நீங்கள் மன்னித்துவிடக் கூடாது. நான் ஓய்வுபெற்ற நர்ஸ். 31 வருட சர்வீஸ். அதில் பெரும்பகுதி பிரசவ அறையில் போனது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஊர் மறையூர். கேரளத்து இடுக்கி மாவட்டம்தான், ஆனால் எங்கள் வீட்டில் பேச்சு தமிழ். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று ஐந்து ஊரைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். ஒரு பக்கம் மூணாறு, மறுபக்கம் உடுமலை. இரண்டுக்கும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். உடுமலைக்குப் போகும் வழி சின்னாறு காட்டுக்குள் போகிறது. இருட்டினால் யானை எந்த வளைவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் நாள் நெருங்கும்போதே கீழே இறங்கிவிடுவார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளை நானும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு இறங்கினேன். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டியதும் அவள் கேட்டாள்: "அம்மா, ரொம்ப வலிக்குமா?" நான் சிரித்தேன். பதில் சொல்லவில்லை.

40 வாரம் முடிந்து ஆறு நாளாகியும் வலி வரவில்லை. டாக்டர் வலியை வரவழைக்க முடிவு செய்தார். சரியான முடிவுதான். 41 வாரத்தைத் தாண்ட விட்டால் குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது. முதல் நாள் கர்ப்பப்பை வாயில் ஜெல் வைத்தார்கள், ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. வாய் கொஞ்சம் இளகியது. மறுநாள் காலை பனிக்குடத்தை உடைத்து ஆக்சிடோசின் ஏற்றுவதாகத் திட்டம். அதற்கு முந்தின மாலைதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தானாக வரும் வலிக்கும் மருந்தால் வரவழைக்கும் வலிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். தானாக வருவது மெல்லப் படியேறும். உடம்பு பழகிக்கொள்ள நேரம் கொடுக்கும். மூளையும் தன் பங்குக்கு வலியைத் தணிக்கும் சுரப்புகளை விடும். ட்ரிப்ஸில் ஏறுவது அப்படி இல்லை. எட்டுச் சொட்டில் ஆரம்பித்து அரை மணிக்கொரு தரம் கூட்டுவோம். பத்து நிமிடத்துக்கு மூன்று, நான்கு வலி பிடிக்கும்வரை கூட்டுவோம். நடுவில் மூச்சு வாங்கவும் இடம் குறைவு. ஆக்சிடோசினை ஆய்வகத்தில் உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது என்று நர்சிங் படிக்கும்போது மனப்பாடம் செய்திருக்கிறேன். எத்தனையோ பெண்களுக்குச் சொட்டைக் கூட்டியது இந்தக் கைதான். கூட்டிய பிறகு அவர்கள் முகம் எப்படி மாறும் என்பதை இந்தக் கண் பார்த்திருக்கிறது. இருந்தும் என் மகளிடம், "நான் ரெண்டு பெத்தேன், ஒரு மாத்திரைகூடப் போடலை" என்று சொன்னேன். என் இரண்டும் தானாக வந்த வலி. அதைச் சொல்லாமல் விட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. என் அம்மா ஆலைக்கொட்டகையில் கரும்புப்பாகு கிளறிக்கொண்டிருந்தபோது இடுப்பு வலி எடுத்ததாம். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்து என்னைப் பெற்றாளாம். அந்தப் பாகு உருண்டை பிடிக்கும் பதத்துக்கு வருவதற்குள் நான் பிறந்துவிட்டேனாம். வளைகாப்பு வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எனக்கு முன்னால் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகள் வீட்டிலேயே இறந்துபோயின. கதையில் அந்த இரண்டும் வராது. நானும் ஒருநாளும் சேர்த்ததில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ட்ரிப்ஸ் ஏறியது. ஒன்பது மணிக்கு மகள் கட்டில் கம்பியைப் பிடித்தாள். பதினொரு மணிக்கு மூன்று விரல் திறந்திருந்தது. அப்போது முதல்முறை கேட்டாள்.

"அம்மா, அந்த ஊசி கேளும்மா."

"இன்னும் கொஞ்ச நேரம் கண்ணு" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி கேட்டாள். "பின்னாடி ஆயுசுக்கும் முதுகுவலி வரும் சாமி" என்றேன். பொய். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும். ஆயுள் முழுக்க வரும் முதுகுவலிக்கு அது காரணமல்ல என்று மயக்க டாக்டர்கள் வார்டில் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் அதைத்தான் சொல்கிறது. எபிடியூரலால் சிசேரியன் கூடுவதில்லை என்றும் சொல்கிறது. அந்த ஊசியில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ரத்த அழுத்தம் இறங்கலாம். கால் கனக்கும். காய்ச்சல் வரலாம். பிள்ளை வெளியே வரும் கட்டம் நீளலாம். இதையெல்லாம் சொல்லி, முடிவை அவளிடம் விட்டிருந்தால் அது நர்ஸ் வேலை. நான் சொன்னது பூச்சாண்டி.

ஒன்றரை மணிக்கு மூன்றாம் முறை கேட்டாள். இப்போது கேட்கவில்லை, கெஞ்சினாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, கேட்டுட்டு வர்றேன்" என்று வெளியே வந்தேன்.

வெளியே வந்து யாரிடமும் கேட்கவில்லை. வராந்தாவில் தண்ணீர் கேன் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே மயக்க டாக்டரின் கார் நின்றது. அவர் மாடியில் ஒரு சிசேரியனுக்கு வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும், படியேறும்போது நானே வணக்கம் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போனேன்.

"மயக்க டாக்டர் இல்லையாம் கண்ணு. வெளியூர் போயிட்டாராம்."

அவள் முந்தானையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஏன் செய்தேன்? என்னையே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். முதல் காரணம் கௌரவம். அட்மிஷன் போட்ட அன்றே அங்கிருந்த சிஸ்டர்களிடம் நான் யார், எத்தனை வருட அனுபவம் என்று சொல்லிவைத்திருந்தேன். என் மகள் மற்றவர்களைப் போலக் கத்த மாட்டாள் என்று காட்ட வேண்டியிருந்தது. அவள் வலி எனக்கு ஒரு சான்றிதழ்.

இரண்டாவது காரணம் இதைவிடக் கேவலமானது. என்னை யாரும் கேட்டதில்லை. என் இரண்டு பிரசவத்திலும் "உனக்கு என்ன வேணும்?" என்று ஒருவர் கேட்டதில்லை. அவளைக் கேட்டார்கள். அம்மா என்று மரியாதையாக, எதிரில் நின்று கேட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பெற்ற மகள் மேல் பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம்.

இரவு ஒன்பதே முக்காலுக்குக் குழந்தை பிறந்தது. முக்கத் தெம்பில்லாததால் வேக்வம் வைத்து எடுத்தார்கள். ஆழமாகக் கிழிந்து, தையல் போட நெடுநேரம் ஆனது. எபிடியூரல் கொடுத்திருந்தால் கிழிந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன். கேள்வி கிழிசலைப் பற்றியது அல்ல. காலை பதினொரு மணியிலிருந்து இரவு வரை ஒருத்தி கேட்டது கிடைக்காமல் கிடந்தாள். கிடைக்காது என்று நம்பவைத்தது நான்.

பிறந்ததும் குழந்தையின் நிலையைப் பார்த்துப் போடும் அப்கார் மதிப்பெண் எட்டு, ஐந்தாம் நிமிடத்தில் ஒன்பது. அந்த மதிப்பெண் முறையை வகுத்த வர்ஜீனியா அப்கார் ஒரு மயக்க மருத்துவர். பிரசவத்தில் கொடுக்கும் மருந்து குழந்தையை என்ன செய்கிறது என்று கவனித்துக் கவனித்துத்தான் 1950-களின் தொடக்கத்தில் அதைக் கொண்டுவந்தார். எட்டு, ஒன்பது என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். "சுகப்பிரசவம்" என்றும் சொன்னேன். வேக்வம், கிழிசல், தையல், பதினான்கு மணி நேரம், எல்லாம் சேர்ந்தாலும் வயிற்றைக் கிழிக்காவிட்டால் நம் ஊரில் அதற்குப் பெயர் சுகப்பிரசவம். குழந்தையைத் துடைத்து மகள் பக்கத்தில் வைத்தபோது அவள் கையை நீட்டவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முதலில் அழுத சத்தம் நினைவில்லை, அந்த விசிறியில் ஒரு இறக்கை வளைந்திருந்தது நினைவிருக்கிறது என்று பின்னால் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அவள் தலையைத் தடவி, "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேம்மா. நடுவுல கேட்டிருந்தாக்கூட எபிடியூரல் போட்டிருப்போமே, மயக்க டாக்டர் நேத்து முழுக்க இங்கதானே இருந்தார்" என்றார்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அழவில்லை. பார்த்தாள்.

மத்தியானம் உறவுக்காரர்கள் ஊரிலிருந்து வந்தார்கள். சேனை வைக்க மறையூர் சர்க்கரை உருண்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். தாய்ப்பால் தவிர எதுவும் நாக்கில் படக் கூடாது என்று எத்தனை கிழவிகளை வார்டிலிருந்து விரட்டியிருப்பேன். அன்று என் முறை வந்ததும் விரலை நீட்டினேன். சேனை வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்.

"நீ வைக்காதே" என்றாள் மகள். அத்தனை பேர் முன்னால், மெதுவாக.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இது மகளோடு ஆரம்பித்ததல்ல. பிரசவ அறையில் கத்திய பெண்களின் தொடையில் அறைந்திருக்கிறேன். "அப்ப இனிச்சுது, இப்ப வலிக்குதா?" என்று கேட்டிருக்கிறேன். என் சீனியர்கள் கேட்டார்கள், நானும் கேட்டேன், என் ஜூனியர்களும் என்னிடம் கற்றுக்கொண்டார்கள். முதுவர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வரும் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடப்பார்கள். "அதுகளைப் பாரு, சத்தம் வருதா?" என்று மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவேன். அவர்களுக்கு வலி குறைவு என்று உண்மையிலேயே நம்பினேன். எங்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது, முந்தானையை விட்டபிறகு என் மகள் கிடந்த கிடையைப் பார்த்த பின்தான் உறைத்தது.

பிரசவ அறையில் பெண்களை அவமதிப்பதும் அடிப்பதும் உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் அறிக்கை விட்டது. கேட்கும் பெண்ணுக்கு எபிடியூரல் கொடுக்கலாம் என்று அதே நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. அதில் முக்கியமான சொல் "கேட்கும்". கேட்கிறவள் பிள்ளை பெறுகிறவள். அவளுடைய அம்மா அல்ல, மாமியார் அல்ல, நர்ஸ் அல்ல.

ஆறு மாதம் கழித்து மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். வராந்தாவில் நின்றது, தண்ணீர் குடித்தது, கார் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். பொறாமையையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "நான் உன்னைத்தாம்மா நம்பினேன்" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது அவளுக்கு இரண்டாவது. ஐந்தாம் மாதம் ஆன பிறகு மாப்பிள்ளைதான் போனில் சொன்னார். பிரசவம் கோவையில், அவர்கள் வீட்டுப் பக்கம். எபிடியூரல் பற்றி டாக்டரிடம் அவளே பேசிவிட்டாளாம். என்ன முடிவு செய்தாள் என்று நான் கேட்கவில்லை. பிரசவ அறைக்குள் உடன் இருப்பவர் யார் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தன் மாமியார் பெயரை எழுதியிருக்கிறாள்.