சுத்தம் செய்த பாவம்!

சுத்தம் சோறு போடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில சமயம் அது வாய்க்கரிசியும் போட்டுவிடும்! எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சேலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த என் பெண்ணின் பிடிவாதத்துக்காக வாங்கியது. பத்து கப்பி மீன்கள். மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் பில்டர். சின்ன மோட்டார் காற்றை ஊதும்; குமிழிகள் மேலே கிளம்பும்; அந்த வேகத்தில் தண்ணீர் ஸ்பாஞ்சின் வழியே இழுபட்டுப் போகும். இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை.

போகி வந்தது. ஒட்டடை அடித்த கை சும்மா இருக்குமா? மீன்களை வாளியில் விட்டுவிட்டுத் தொட்டியைக் காலி செய்தேன். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவினேன். ஸ்பாஞ்ச் பழுப்பேறிக் கொழகொழவென்றிருந்தது. பார்த்தால் உங்களுக்கும் அருவருப்பாகத்தான் இருந்திருக்கும். குழாயடியில் வைத்துப் பிழிபிழியென்று பிழிந்து, மொட்டை மாடி வெயிலில் உலர்த்திப் புதுசு போல் ஆக்கிவிட்டேன். ஒரு நாள் முழுக்க அண்டாவில் வைத்திருந்த தண்ணீரைத்தான் ஊற்றினேன். அந்த அளவுக்கு எனக்கும் விவரம் உண்டு!

காணும் பொங்கலன்று காலையில் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. மாலைக்குள் ஏழு மிதந்தன.

என் பெண் அழவில்லை. "பொங்கலுன்னு நான் தீனி அதிகமாப் போட்டுட்டேனாம்மா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

வண்ண மீன் விற்கும் கடைக்காரரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அழுக்குன்னு நினைச்சு உயிரைக் கழுவிட்டீங்களேம்மா!" என்றார்.

விஷயம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியேறும் ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன, அதுவும் விஷமே. வேறொரு வகை அதை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. ஆக, பில்டர் வெறும் வடிகட்டியல்ல. குடித்தனம் நடக்கும் வீடு! குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் நம் நன்மைக்காகக் குளோரின் கலக்கிறார்கள். அந்த நுண்ணுயிர்களுக்கோ அது எமன். மிச்சத்தைச் சேலத்து வெயில் பார்த்துக் கொண்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை சிரித்தார். "உறை மோரையும் கொட்டிட்டு, சட்டியையும் தேய்ச்சு வெயில்ல கவுத்துட்டா, மறுநாள் தயிர் எங்கிருந்து வரும் கண்ணு?" என்றார். என் மண்டையில் அப்போதுதான் ஏறியது.

நீங்கள் தொட்டி வைப்பதானால் இதைக் கவனியுங்கள். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்டு போகும்போது குழாய் வழியே தண்ணீர் இறங்கி மோட்டாரைக் கெடுத்துவிடும். பில்டர் இரவும் பகலும் ஓடட்டும். கரண்டுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். முதலில் இரண்டு மூன்று மீன் போதும். தீனி ஒரு சிட்டிகை. நுண்ணுயிர்கள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அவசரமானால், நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் சிநேகிதியிடம் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். அதுதான் உறை மோர்! வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குமிழி குறைந்தால், அப்படி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்து திருப்பி வையுங்கள். பழுப்பு நிறம் போகவே வேண்டாம். நாமக்கல் பக்கம் போர் தண்ணீர் உப்பாயிற்றே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி: கப்பியும் மோலியும் கடினத் தண்ணீரிலும் சுகமாக வாழும்.

அன்றிரவு என் பெண்ணை மடியில் உட்கார்த்தி, "உன் தீனியால் இல்லை கண்ணு. அம்மா செய்த தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உனக்குத் தெரியாதில்லம்மா" என்று என் கன்னத்தைத் தடவினாள். அப்போது அழுதது நான்தான்.

மிஞ்சிய மூன்று மீன்களும் பிழைத்துக் கொண்டன. கப்பி குட்டி போடும் இனம் அல்லவா? இப்போது எண்ணி முடியவில்லை. அடுத்த போகிக்கு நான் துடைப்பத்தை எடுப்பதற்குள் தொட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "அம்மா தொடக் கூடாது."

நான் தொடவில்லை.